விளக்கும் வழக்கும்



திருவண்ணாமலை என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? கார்த்திகைத் திங்களில் மலையுச்சியில் ஏற்றப்பெறும் தீபமே அன்றோ? அதனைக் காண ஆண்டுதோறும் பல இலட்சம் மக்கள் எங்கள் ஊருக்கு வருகிறார்கள். ஆனால், நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்தப் பெருவிளக்கைப் பற்றியதன்று. எங்கள் மாவட்டத்திலேயே, ஒரு குகைக்கோயிலில், ஒருவனுடைய சாவுக்கு ஈடாக ஏற்றப்பெற்ற ஒரு சிறு விளக்கைப் பற்றியது. அந்த விளக்கிலிருந்து தொடங்கி, நம் காலத்து நீதிமன்றங்கள்வரை ஒரு கேள்வியைப் பின்தொடர்ந்து செல்ல விரும்புகிறேன். ஒருவருடைய பிழையால் மற்றொருவர் இறந்துபட்டால், இறந்தவருடைய குடும்பத்துக்கு உரிய ஈடு எவ்வளவு காலத்தில் கைக்கு வருகிறது? ஏன் அவ்வளவு காலம் ஆகிறது? இதுவே அந்தக் கேள்வி.

நான் சட்டம் பயின்றவன் அல்லன். வரலாறு கற்பித்து வாழ்ந்தவன். இக்கேள்வி என்னைப் பற்றிக்கொண்டதற்குக் காரணம் ஓர் அம்மையார். நான் குடியிருக்கும் தெருவில் பூக்கட்டி விற்பவர். அவருடைய கணவர் நெல் மண்டியில் மூட்டை சுமந்தவர். ஒருநாள் அந்தி வேளையில் செங்கம் சாலையில் மிதிவண்டியில் வந்துகொண்டிருந்தபோது ஒரு லாரி மோதி, அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அவர்களுடைய ஒரே மகன் ஐந்தாம் வகுப்பு மாணவன். வழக்குத் தொடுத்தார்கள். வக்கீல் வீட்டுக்கு மனு எழுதிக் கொடுப்பதும், வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் என் பணியாயின. மாலை நேரங்களில் அந்த அம்மையார் வாயிலில் வந்து நின்று, “வாத்தியாரையா, அடுத்த வாய்தா எப்போது?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை சொல்லிச் சொல்லியே நான் இந்த வரலாற்றைத் தேடத் தொடங்கினேன்.

வந்தவாசி வட்டத்தில், தேசூருக்கு அருகே, சீயமங்கலம் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே மகேந்திரவர்ம பல்லவன் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாறையைக் குடைந்து ஒரு கோயில் எடுப்பித்தான். அவனிபாஜன பல்லவேசுவரம் என்பது அதன் பழம்பெயர். பிற்காலத்தில் அக்கோயிலில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகளுள் ஒன்று நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. ஒருவன் தவறுதலாக அம்பெய்து மற்றொருவனைக் கொன்றுவிட்டான். நாட்டை ஆண்ட தலைவனும் 79 நாட்டு மக்களும் கூடி ஆராய்ந்தார்கள். கொல்லும் கருத்தின்றி, கவனக் குறைவால் நிகழ்ந்த செயல் இது. ஆதலால், இவன் இதற்காகச் சாக வேண்டுவதில்லை. சீயமங்கலத்துத் திருத்தான்தோன்றி ஆளுடையார் கோயிலில் விளக்கு எரிக்கக் கடவன் என்று முடிவு கூறினார்கள். அவனும் 16 பசுக்களைக் கொடுத்தான். அவற்றின் பாலிலிருந்து எடுத்த நெய்யால் விளக்கு எரிந்தது.

இஃது ஒரு தனிச் செய்தி அன்று. வேட்டைக்குச் சென்ற ஒருவன் குறி தவறி ஒரு வேளாளனை எய்துவிட்டான். சுற்றுவட்டத்து உழவர்கள் கூடி அவனைக் குற்றவாளி என்று கண்டு, 64 பசுக்களைக் கோயிலுக்குக் கொடுக்கச் செய்தார்கள் என்று வேறொரு கல்வெட்டு கூறுகிறது. இன்னொன்று நெஞ்சை உருக்குவது. ஊர் அதிகாரி ஒருவன் ஒரு பெண்ணிடம் வரி கேட்டான். தான் கொடுக்க வேண்டியதில்லை என்றாள் அவள். அவளைக் கடுஞ்சோதனைக்கு உட்படுத்தினான். அவள் நஞ்சுண்டு மாண்டாள். பல நாட்டாரும் கூடி, அச்சாவுக்கு அவனே பொறுப்பு என்று தீர்த்தார்கள். அவன் 32 காசு கொடுத்துக் கோயிலில் விளக்கேற்றினான். அதிகாரத்தில் இருப்பவனும் சாவுக்கு விடை சொல்ல வேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டில் எவ்வளவு பழமையானது, பாருங்கள்!

இந்தத் தீர்ப்புகளில் வியக்கத்தக்கது ஒன்று உண்டு; வருந்தத்தக்கது ஒன்றும் உண்டு. வியக்கத்தக்கது, வழியின் எளிமை. எய்தவன் யார் என்பது ஊரறிந்த செய்தி. கூடிய அவையே விசாரித்தது. அதுவே தீர்ப்புக் கூறியது. ஈடு இத்தனை பசு என்று அளந்து குறிக்கப்பெற்றது. வருந்தத்தக்கது, அந்த ஈடு சென்ற இடம். மூன்றிலும் பொருள் சென்றது கோயிலுக்கே. இறந்தவனுடைய ஆன்மாவுக்கு அமைதியும் எய்தவனுடைய பாவத்துக்குக் கழுவாயும் தேடப்பெற்றன. ஆனால், இறந்தவன் வீட்டு அடுப்பு எரிய அந்த நெய் உதவியதா? அவன் மனைவியும் மக்களும் எதைக்கொண்டு வாழ்ந்தார்கள்? நாம் இன்று கேட்கும் கேள்வி இதுவே. இதைக் கேட்கத் தொடங்கிய பின்னர்தான் வழக்குகளும் நீண்டன.

இனிக் கடல் கடந்து இங்கிலாந்துக்குச் செல்வோம். ஏனெனில், இன்று நம் நீதிமன்றங்கள் பின்பற்றும் முறை அங்கிருந்து வந்தது. 1808-ஆம் ஆண்டில் அங்கே ஒரு வழக்கு நடந்தது. கணவனும் மனைவியும் ஏறிச் சென்ற குதிரை வண்டி கவிழ்ந்தது. மனைவி ஒரு மாதம் கழித்து இறந்தாள். கணவன் இழப்பீடு கேட்டான். மனைவி உயிரோடிருந்த அந்த ஒரு மாதத் துன்பத்துக்கு மட்டுமே ஈடு கேட்கலாம். ஒரு மனிதன் இறந்ததை உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு தீங்காகக் கொண்டு முறையிட முடியாது என்று எல்லன்பரோ பிரபு தீர்ப்பளித்தார். ஒருவனைக் காயப்படுத்தினால் ஈடு தரவேண்டும், கொன்றுவிட்டால் தரவேண்டியதில்லை! இத்தகைய விந்தையான சட்டம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. புகைவண்டிகள் ஓடத் தொடங்கின, விபத்துகள் பெருகின. 1846-ஆம் ஆண்டில் காம்பெல் பிரபு கொண்டுவந்த சட்டம், இறந்தவருடைய குடும்பத்தாருக்கு ஈடு கேட்கும் உரிமையை வழங்கியது.

அதன் வழியில் நம் நாட்டில் 1855-ஆம் ஆண்டில் உயிர்ச்சேத விபத்துச் சட்டம் இயற்றப்பெற்றது. அடுத்த ஆண்டிலேயே இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னாட்டின் முதல் புகைவண்டி ஓடியது என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோர் பொருட்டு வழக்குத் தொடுக்கலாம் என்றது அச்சட்டம். ஒரு சாவுக்கு ஒரே வழக்குத்தான். அந்த ஒன்றில் எல்லாருடைய பங்கும் அடங்க வேண்டும் என்றும் விதித்தது. கோயில் விளக்குக்குச் சென்ற ஈடு, வீட்டு விளக்குக்கு வந்து சேர்ந்தது இந்தச் சட்டத்தால்தான் எனலாம்.

உரிமை வந்தது, ஆனால், காலம்? நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றையே கூறுகிறேன். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள், நாடு விடுதலை பெற்ற ஆறாம் வாரத்தில், தாராபுரத்துக்கும் பழனிக்கும் இடையே ஓடிய பேருந்து ஒன்று விபத்துக்குள்ளாயிற்று. பயணி ஒருவர் மூன்று நாட்களுக்குப் பின் இறந்தார். அவருடைய தந்தையும் மனைவியும் மக்களும் வழக்குத் தொடுத்தார்கள். கீழ் நீதிமன்றம், பிறகு சென்னை உயர்நீதிமன்றம், பிறகு உச்ச நீதிமன்றம் என்று அந்த வழக்கு ஏறிச் சென்றது. 1961-ஆம் ஆண்டு ஏப்பிரல் 14-ஆம் நாள் நீதிபதி சுப்பா ராவ் இறுதித் தீர்ப்பை எழுதினார். இடைப்பட்ட காலம் பதின்மூன்றரை ஆண்டுகளுக்கும் மேல். அந்தக் காலத்துக்குள் நாடு ஓர் அரசியலமைப்பை எழுதிக்கொண்டது. இரண்டு பொதுத் தேர்தல்களை நடத்தியது. மொழிவழி மாநிலங்களை அமைத்தது. அந்தக் குடும்பமோ ஒரே ஒரு விடைக்காகக் காத்திருந்தது.

ஆயினும், அந்தத் தீர்ப்பு வீணானதன்று. இறப்பினால் குடும்பம் எதிர்காலத்தில் இழக்கும் பொருள் எவ்வளவு, அவ்விறப்பினாலேயே அதற்கு வந்து சேரும் பொருள் எவ்வளவு என்று இரண்டையும் தராசிலிட்டு ஈட்டைக் காணவேண்டும் என்ற நெறியை அது நிலைநாட்டியது. நாடெங்கும் பிற்காலத்து நீதிபதிகள் அதனை எடுத்தாண்டார்கள். ஒரு குடும்பத்தின் நீண்ட காத்திருப்பு, ஆயிரம் குடும்பங்களுக்கு வழிகாட்டியாயிற்று. எனினும், அந்த விலையைக் கொடுத்தவர்கள் அந்த ஒரு குடும்பத்தார் அல்லரோ?

வழக்கு ஏன் நீள்கிறது என்பதைச் சற்று விளக்குவோம். நீதிமன்றத்தின் முன் மூன்று கேள்விகள் நிற்கின்றன. முதலாவது, பிழை யாருடையது? சான்று கூறுவோரை அழைக்க வேண்டும். காவல் துறையின் முதல் தகவல் அறிக்கையும் பிணப் பரிசோதனைச் சான்றும் வரவேண்டும். இரண்டாவது, ஈடு எவ்வளவு? இறந்தவர் என்ன சம்பாதித்தார், இன்னும் எத்தனை ஆண்டு உழைத்திருப்பார் என்று கணக்கிட வேண்டும். மூட்டை சுமப்பவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? மூன்றாவது, யார் கொடுப்பது? வண்டிக்காரரா, முதலாளியா, காப்பீட்டு நிறுவனமா? எங்கள் தெரு அம்மையாரின் வழக்கில் இந்த மூன்றாம் கேள்வியே பெருந்தடையாயிற்று. லாரி ஓட்டியவரின் உரிமம் செல்லாது என்று காப்பீட்டு நிறுவனம் வாதாடியது. அந்த ஒரு வாதத்துக்குள் எத்தனை வாய்தாக்கள் கழிந்தன என்பதை எண்ணி எழுதி வைத்திருந்தால் ஒரு சுவடி நிறைந்திருக்கும்.

இம்மூன்றும் நியாயமான கேள்விகளே. இவற்றை ஆராயாமல் ஒருவரிடம் பொருளைப் பறிப்பது நீதியாகாது. ஆனால், நியாயமான கேள்வியையே காலங்கடத்தும் கருவியாகவும் பயன்படுத்தலாம். பொருள் கொடுக்க வேண்டியவருக்குக் காலம் வரவு. பெற வேண்டியவருக்குக் காலம் செலவு. இந்தச் சமனின்மையை நம் சட்டமன்றங்கள் மெல்ல மெல்ல உணர்ந்தன. ஒவ்வொரு புதுச் சட்டமும் மேற்கூறிய மூன்று கேள்விகளுள் ஏதேனும் ஒன்றைக் குறுக்கவே முயன்றது. இதுவே இந்த வரலாற்றின் நடுநாடி.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் முதற் கேள்வியைத் தொட்டது. வேலையின்போது தொழிலாளி இறந்தால், பொதுவாக முதலாளியின் பிழையை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்றது. தொகையை வயதுக்கும் கூலிக்கும் ஏற்ப அட்டவணையாக வகுத்தது. அது 2009-ஆம் ஆண்டில் பெயர் மாற்றம் பெற்று, பின்னர் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடக்கப்பெற்றது. சாலை விபத்துகளைப் பொறுத்தவரை, 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956-ஆம் ஆண்டில் ஒரு திருத்தம் செய்து, இவ்வழக்குகளுக்கென்றே தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி வகுத்தார்கள். 1982-ஆம் ஆண்டில் மற்றொரு படி. பிழை யாருடையதாயினும், இறந்தவர் குடும்பத்துக்கு 15,000 ரூபாய் தரவேண்டும் என்று விதித்தார்கள். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 25,000 ரூபாயாகவும், 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் 50,000 ரூபாயாகவும் உயர்த்தின. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பிழை மெய்ப்பிக்காமலே 5 இலட்சம் ரூபாய் பெற வழி செய்தது.

இரண்டாம் கேள்வியாகிய “எவ்வளவு” என்பதை உச்ச நீதிமன்றம் 2009-ஆம் ஆண்டில் ஒழுங்குபடுத்தியது. அதற்கு முன் ஒவ்வொரு நீதிமன்றமும் ஒவ்வொரு வகையாகக் கணக்கிட்டது. இந்தப் புது நெறி பிறந்த வழக்கின் காலக்கணக்கையும் கேளுங்கள். விபத்து நிகழ்ந்தது 1988-ஆம் ஆண்டில். தீர்ப்பாயம் முடிவு கூறியது 1993-ஆம் ஆண்டில். உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு 2009-ஆம் ஆண்டில். காலத்தைக் குறைப்பதற்கான நெறியைக் காண்பதற்கே 21 ஆண்டுகள்!

அந்தக் கணக்கு கடினமானதன்று. உங்கள் வகுப்புக் கரும்பலகையிலேயே போட்டுப் பார்க்கலாம். 34 வயதுள்ள ஒருவர் தம் சொந்தத் தொழிலில் மாதம் 12,000 ரூபாய் ஈட்டினார் என்று வைத்துக்கொள்வோம். 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி எதிர்கால உயர்வுக்காக நூற்றுக்கு 40 சேர்த்தால் 16,800 ரூபாய். அவரை நம்பி நால்வர் இருந்தால், அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழிக்க வேண்டும், மீதி 12,600. ஆண்டுக்கு 1,51,200 ரூபாய். 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கெண் 16. ஆக மொத்தம் 24,19,200 ரூபாய். இதனோடு ஈமச் செலவு முதலியவற்றுக்கு ஒரு தொகை சேரும். 16 பசுக்கள் என்று கல்லில் வெட்டிய இடத்தில், 16 என்னும் பெருக்கெண் வந்து நிற்கிறது! ஆனால், இந்த 16 இறந்தவர் வீட்டுக்கு உரியது.

இதுவரை ஒருவருடைய சாவைப் பற்றிப் பேசினோம். ஒரே விபத்தில் பல நூறு பேர், பல்லாயிரம் பேர் மாண்டால் என்ன செய்வது? ஒவ்வொருவரும் தனித்தனியே வழக்காடினால் நீதிமன்றங்களே நின்றுவிடும். ஆதலால், ஒரே குறையுடைய பலருக்காகச் சிலர் வழக்காடலாம் என்று நம் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. 1908-ஆம் ஆண்டின் சட்டத்தில் முதற் கட்டளையின் எட்டாம் விதி என்பது இதுவே. பலர் கூடித் தொடுக்கும் வழக்கு விரைந்து முடியும் என்றே நாம் எதிர்பார்ப்போம். வரலாறு என்ன சொல்கிறது?

1984-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் போபால் நகரில் யூனியன் கார்பைடு தொழிற்சாலையிலிருந்து நச்சுவாயு கசிந்தது. உறங்கியவர்கள் உறக்கத்திலேயே மாண்டார்கள். 1985-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, பாதிக்கப்பெற்ற அனைவருக்கும் மைய அரசே ஒரே பிரதிநிதி என்று ஆக்கியது. அரசு நியூயார்க்கு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இந்த வழக்கு இந்தியாவிலேயே நடைபெறத் தக்கது என்று 1986-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் நீதிபதி கீனன் அதனைத் திருப்பிவிட்டார். அவ்வாண்டே போபாலில் வழக்குத் தொடங்கியது. 1987-ஆம் ஆண்டு டிசம்பரில் மாவட்ட நீதிபதி, இடைக்கால உதவியாக 350 கோடி ரூபாய் தரவேண்டும் என்றார். 1988-ஆம் ஆண்டு ஏப்பிரலில் உயர்நீதிமன்றம் அதனை 250 கோடியாகக் குறைத்தது. அதையும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 1989-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள், 47 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டதாக நீதிமன்றம் அறிவித்தது.

நாலாண்டும் சில திங்களும். பழனிப் பேருந்து வழக்கோடு ஒப்பிட்டால் இது விரைவே அன்றோ? ஆனால், உடன்பாடு வேறு. பணம் கைக்கு வருவது வேறு. யார் யார் இறந்தார்கள், யார் யார் நோயுற்றார்கள் என்று தனித்தனியே ஆராய்ந்து தொகை வழங்குவது 1992-ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. 1989-ஆம் ஆண்டில் இறந்தோர் ஏறத்தாழ 3,000 பேர் என்று எண்ணினார்கள். பின்னர் 5,295 சாவுகளுக்கு ஈடு வழங்கப்பெற்றது. எஞ்சியிருந்த தொகையைப் பங்கிட உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2004-ஆம் ஆண்டில். குற்றவியல் வழக்கில் முதல் தண்டனை வந்தது 2010-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள். தொகை போதாது என்று மைய அரசு தொடுத்த சீராய்வு மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள். விபத்து நிகழ்ந்த இரவில் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 38.

இதில் நாம் கருத வேண்டியது காலம் மட்டும் அன்று. உடன்பாட்டுக்கு முன் பாதிக்கப்பெற்றவர்களைக் கேட்டார்களா? அவர்களுக்கு அறிவித்து அவர்களுடைய கருத்தையும் கேட்டிருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமே கூறிற்று. ஆயினும் அச்சட்டம் செல்லும் என்றும் தீர்த்தது. கேளாமல் செய்த விரைவுதான், பின்னர் முப்பதாண்டுக்கு மேற்பட்ட மனக்குறைக்கு வித்திட்டது என்று நான் கருதுகிறேன்.

நம் தமிழகத்திலும் மறக்கவொண்ணாத ஒரு நாள் உண்டு. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள், கும்பகோணத்துப் பள்ளி ஒன்றின் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டார்கள். தஞ்சாவூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2014-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் வந்தது. பத்து ஆண்டுகளும் பதினான்கு நாட்களும்! ஐந்தாம் வகுப்பில் உயிர் தப்பிய குழந்தை அதற்குள் கல்லூரிக்கு வந்திருக்கும். தண்டனைக்கான வழக்கு ஒருபுறம் நடக்க, உரிய இழப்பீட்டுக்காகப் பெற்றோர் உயர்நீதிமன்றத்தின் வாயிலில் தனியே நிற்க வேண்டியிருந்தது. தில்லியில் 1997-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் உபகார் திரையரங்கில் தீப்பிடித்து 59 பேர் இறந்தார்கள். உறவினர்கள் ஒரு சங்கமாகக் கூடி வழக்காடினார்கள். 2003-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் விதித்த தொகையை 2011-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் குறைத்தது. பதினான்கு ஆண்டுகள் காத்ததன் முடிவு குறைந்த தொகை!

விரைந்து முடிந்த எடுத்துக்காட்டே இல்லையா? உண்டு. 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின், அந்நாட்டு அரசு ஒரு தனி நிதி அமைத்தது. கென்னத்து ஃபைன்பெர்க்கு என்பவர் அதன் தலைவர். இறந்தோர் குடும்பங்களுள் நூற்றுக்கு 97 குடும்பங்கள் அதில் சேர்ந்தன. ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்குள் பணி முடிந்தது. எங்ஙனம் முடிந்தது? நிதியில் பணம் பெறுவோர் விமான நிறுவனங்கள் முதலியவற்றின்மீது வழக்காடும் உரிமையைக் கைவிட வேண்டும் என்பது விதி. பிழை யாருடையது என்ற கேள்வியையே அங்கே எடுத்துவிட்டார்கள். நம் நாட்டு மக்கள் நீதிமன்றமும் இவ்வகையைச் சார்ந்ததே. 1987-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1995-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் கூடும் மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பாரும் மனமொத்து ஒரு தொகைக்கு இணங்கினால் அதுவே முடிவு. அதற்கு மேல்முறையீடு இல்லை. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

இவற்றையெல்லாம் ஒருசேர வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகிறது. விரைவு என்பது இலவசமாகக் கிடைப்பதன்று. அதற்காக யாரேனும் எதையேனும் விட்டுக்கொடுக்கிறார்கள். சீயமங்கலத்தில் ஈட்டுப்பொருள் கோயிலைச் சேர்ந்தது, வீட்டுக்கு வரவில்லை. போபாலில் தம் கருத்தைக் கூறும் உரிமையை மக்கள் இழந்தார்கள். அதனையும் அவர்கள் தாமாகக் கொடுக்கவில்லை. மக்கள் நீதிமன்றத்தில் தொகையின் ஒரு பகுதியை விடலாம். ஆனால், கேட்டபின், இசைந்தபின் விடுகிறார்கள். ஆதலால், எந்த உடன்பாட்டைப் பற்றிப் படித்தாலும் நீங்கள் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது முதற் கேள்வி. விட்டுக்கொடுத்தவர் யார், அவரைக் கேட்டார்களா என்பது இரண்டாம் கேள்வி. முதற் கேள்வியை மட்டும் கேட்பவன் விரைந்த அநீதியையும் நீதி என்று மயங்குவான். இரண்டாவதை மட்டும் கேட்பவன், நீதி வரும்முன் ஒரு தலைமுறை கழிந்துபோவதைக் காணாதிருப்பான்.

மனுநீதிச் சோழன் கதையைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பசு மணியை அடித்தது. அரசன் எழுந்து வந்தான் என்கிறது அக்கதை. அதில் வாய்தா இல்லை. நம் முன்னோர் அந்தக் கதையை இத்தனை நூற்றாண்டுகள் போற்றி வைத்ததற்கு ஒரு காரணம் அந்த விரைவே என்பது என் எண்ணம். மணியோசைக்கும் மன்னன் வருகைக்கும் இடையே உள்ள காலமே ஓர் அரசின் தகுதியை அளக்கும் கோல் என்று அவர்கள் கருதினார்கள் போலும்.

எங்கள் தெரு அம்மையாரின் வழக்கு என்னவாயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். தீர்ப்பாயத்தில் மூன்று ஆண்டு. மேல்முறையீட்டில் நான்கு ஆண்டு. ஆக ஏழு ஆண்டுகளில் முடிந்தது. வென்றார், வட்டியோடு தொகை வந்தது. மகனுடைய பங்கை, அவனுடைய படிப்புக்கும் எதிர்காலத்துக்கும் ஆகுமாறு, பதினெட்டு வயது நிரம்பும்வரை வங்கியில் இட்டுவைக்க நீதிமன்றம் ஆணையிட்டது. நல்ல ஆணை, குழந்தையின் நலம் கருதிய ஆணை. அந்தச் செய்தியைப் படித்துக் காட்டியபோது அம்மையார் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “படிப்புக்கு என்றா போட்டிருக்கிறார்கள், வாத்தியாரையா? அவன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டானே! பட்டறை வேலைக்குப் போய் நாலு வருஷம் ஆகிறதே!” என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. தாமதமான பணத்துக்கு வட்டி கட்டலாம். நின்றுபோன நான்கு வகுப்புக்கு எந்த வட்டியைக் கட்டுவது?

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை வழக்கறிஞர் ஆவீர்கள். சிலர் நீதிபதிகள் ஆவீர்கள். சிலர் காப்பீட்டு நிறுவனங்களில் மேசைக்குப் பின்னால் அமர்வீர்கள். ஒரு கட்டு உங்கள் முன் வரும். அதனை இன்று பார்ப்பதா, அடுத்த மாதம் பார்ப்பதா என்று நீங்கள் எண்ணும் வேளையில், எங்கோ ஒரு வீட்டில் ஒரு பையன் புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான். அவனை ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள். சீயமங்கலத்துக் குகைக்கோயிலுக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். இறந்தவனுக்காக விளக்கேற்ற அன்றைய நாட்டார் அறிந்திருந்தார்கள். இருப்பவருடைய விளக்கு அணைந்துபோகும் முன்னே நெய் வார்ப்பதற்கு நாம்தாம் கற்றுக்கொள்ள வேண்டும்.